குறில், நெடில், ஆங்கில உயிரொலிகள்: குமணன்சாவடிப் பெயர்ப்பலகைகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலத்தின் நெருங்கிய உயிரொலிகளைப் பிரித்து ஒலிப்பதில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு, பெரும்பாலும் நாப்பழக்கத்தின் குறையாகவே விளக்கப்பட்டு வந்துள்ளது. உயிரொலிகளை அளவால் பிரிக்கும் தமிழ் எழுத்துமுறையே ஆங்கிலம் கற்பிக்கும் கருவியாகவும் நெடுங்காலம் பயன்பட்டது என்பதையும், அவ்விடர்ப்பாட்டின் பெரும்பகுதி அதிலிருந்தே தோன்றியது என்பதையும் இக்கட்டுரை வரலாற்றுச் சான்றுகளின்வழி எடுத்துரைக்கின்றது. சென்னையின் மேற்குப் புறநகர் ஊர்ப்பெயர்கள், ஆங்கிலக் கடன்சொற்கள், இருபதாம் நூற்றாண்டின் பயிற்றுமுறை முயற்சிகள் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: உயிரொலி, மாத்திரை, குற்றியலுகரம், எழுத்துப்பெயர்ப்பு, ஆங்கிலம் கற்பித்தல், குமணன்சாவடி

முன்னுரை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், மாங்காடு வழியாகக் குன்றத்தூர் செல்லும் சாலை பிரியுமிடத்தில் குமணன்சாவடி அமைந்துள்ளது. இவ்வூரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஏ' என்னும் எழுத்து நான்கு முறை வருகின்றது. அவற்றுள் மூன்று அகரத்தைக் குறிக்கின்றன. ஒன்று ஆகாரத்தைக் குறிக்கின்றது. எது நெடில் என்பதை அவ்வெழுத்துகள் காட்டுவதில்லை. ஊரை அறிந்தவர் தடுமாறுவதில்லை. அறியாதவர் 'சவாடி' என்றோ 'குமானன்' என்றோ படிக்கக்கூடும். அருகிலுள்ள ஆவடியின் ஆங்கில வடிவில் இரண்டு 'ஏ' உண்டு. முன்னது நெடில், பின்னது குறில். மாங்காட்டில் இரண்டுமே நெடில். அம்பத்தூரின் 'யூ' ஊகாரத்தையும், மாங்காட்டின் இறுதி 'யூ' குற்றியலுகரத்தையும் குறிக்கின்றன. (இக்கட்டுரையில் ஒற்றை மேற்கோளுக்குள் வரும் 'ஏ', 'ஈ', 'ஓ', 'யூ' ஆகியவை ஆங்கில எழுத்துகளின் பெயர்கள். தமிழ் ஒலிகள் அகரம், ஆகாரம் என்றவாறு சுட்டப்படுகின்றன.)

ஆங்கில எழுத்தில் தமிழ் உயிரொலி மறையும் இந்நிலை, தமிழ் மாணவர் ஆங்கிலம் கற்கும்போது நேர்வதன் மறுபக்கமாகும். ஆங்கிலத்தில் கப்பலையும் செம்மறியையும் குறிக்கும் சொற்களை அவர் எளிதில் பிரித்துவிடுகிறார். வௌவாலையும் பந்தயத்தையும் தூண்டில் இரையையும் குறிக்கும் மூன்று சொற்களில் இடறுகிறார். இவ்வேற்றுமைக்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். நாவின் குறை மட்டுமே காரணமாயின் இடறல் எங்கும் ஒன்றுபோல் அமைந்திருக்கும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. அதன் ஆலைகள் நின்ற இடங்களில் பின்னர்த் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்தன. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சென்னையில் பெருகிய அழைப்பு மையங்களின் ஆட்சேர்ப்பில் 'தாய்மொழித் தாக்கம்' என்பது விண்ணப்பித்தவரைக் கழிப்பதற்குரிய ஒரு குறியீடாகவே வழங்கலாயிற்று. உயிரொலி ஒன்று வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கும் சூழலில், அத்தாக்கம் எங்கிருந்து வருகின்றது என்னும் வினா மொழியியலாரின் எல்லையைக் கடந்ததாகிவிடுகின்றது.

மாத்திரையும் வாயமைப்பும்

தொல்காப்பியத்தின் பிறப்பியல் பன்னிரண்டு உயிர்களையும் வாயின் நிலையை ஒட்டி மூன்று தொகுதிகளாக்குகின்றது. அகரமும் ஆகாரமும் வாய் திறத்தலால் பிறப்பவை. இகரம், ஈகாரம், எகரம், ஏகாரம், ஐகாரம் ஆகியவற்றுக்கு வாய் திறத்தலோடு நாவிளிம்பு மேற்பல்லைச் சார்தலும் வேண்டும். உகரம் முதலிய எஞ்சிய ஐந்துக்கும் இதழ் குவிதல் வேண்டும். ஒரே தொகுதிக்குள்ளும் சிறு வேறுபாடுகள் உண்டென்பதை அவ்வியல் மறுக்கவில்லை. ஆயினும் குறிலையும் அதன் நெடிலையும் பிரிப்பது வாயமைப்பன்று, மாத்திரையே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. கண்ணிமைப்போ கைந்நொடியோ அதற்கு அளவாகக் கொள்ளப்பட்டது.

தென்னிங்கிலாந்தின் தர உச்சரிப்பில் இருபது உயிரொலிகள் கணக்கிடப்படுவது வழக்கம்: பன்னிரண்டு தனியுயிர்கள், எட்டுக் கூட்டுயிர்கள். அங்கும் நீளம் உண்டு. ஆனால் முதன்மைப் பணி அதற்குரியதன்று. கப்பலைக் குறிக்கும் சொல்லின் உயிர், செம்மறியைக் குறிக்கும் சொல்லின் உயிரைக் காட்டிலும் குறுகியது மட்டுமன்று. நா சற்றுத் தாழ்ந்தும் தளர்ந்தும் நிற்பது. மேலும் ஆங்கில நெட்டுயிர் தன்னை அடுத்து வரும் மெய்யைப் பொறுத்துச் சுருங்கும். அதிர்வற்ற வல்லொலிக்கு முன் வரும் நெட்டுயிர், அதிர்வுடைய ஒலிக்கு முன் வரும் குற்றுயிரின் அளவுக்கே குறைந்துவிடுவதுண்டு. இரண்டு மாத்திரை எங்கும் இரண்டு மாத்திரையே எனப் பழகிய செவிக்கு இது புதிது. பேசும்போது கப்பலையும் செம்மறியையும் பிரித்துவிடும் தமிழர், ஆங்கிலேயர் விரைந்து பேசக் கேட்கும்போது சிலவேளை தடுமாறுவதற்கு இச்சுருக்கம் ஒரு காரணமாகும்.

தமிழ் எழுத்துமுறையும் உயிரொலிகளை எக்காலத்தும் இன்றுபோல் தெளிவாகக் காட்டிவிடவில்லை. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டெனத் தொல்காப்பியம் கூறினும், ஓலையில் எழுதுவோர் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எனவே எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்றன. ஒகர ஓகாரங்களும் அவ்வாறே. தமிழறிந்தோர்க்கு அதனால் பெரிய இடையூறு நேரவில்லை. சொல்லை அறிந்தவர் ஒலியையும் அறிந்திருந்தனர். அவற்றை வெவ்வேறு வடிவில் எழுதும் மாற்றம், இத்தாலியிலிருந்து வந்து தமிழைக் கற்ற வீரமாமுனிவர் பெயரால் வழங்குகின்றது. அம்மரபுச் செய்தியை ஏற்பின், எழுத்தின் குறை முதலில் உறுத்தியது கற்பவரையே என்பது புலனாகும். ஆங்கிலம் கற்கும் தமிழர் நிற்பதும் அதே இடத்தில்தான். ஆங்கிலேயர்க்குத் தேவைப்படாத அடையாளம் அவருக்குத் தேவைப்படுகின்றது.

ஆங்கிலச் செவி கேட்ட தமிழ்

தமிழ்ச் செவியைக் குறைகூறுமுன், ஆங்கிலச் செவி தமிழை எவ்வாறு கேட்டது என்பதையும் நோக்குதல் தகும். சாவடி என்னும் சொல்லுக்கு ஆங்கிலோ-இந்திய வழக்கில் 'சௌல்ட்ரி' என்பது வடிவம். யூல், பர்னெல் இருவரும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் சொற்களஞ்சியம் இதனைத் தென்னிந்தியாவுக்கே உரிய சொல்லாகக் குறித்து, மலையாள, தெலுங்கு வடிவங்களோடு இணைக்கின்றது. ஆகாரமும் அடுத்த வகரமும் சேர்ந்து ஔகாரமாகக் கேட்கப்பட்டன. குமணன்சாவடியின் பிற்பகுதி ஓர் ஆங்கிலேயரின் வாயில் இவ்வாறு உருமாறியது. அதனை எவரும் பிழையான உச்சரிப்பு என்று கழித்ததில்லை.

பழைய ஆங்கில எழுத்துமுறை செவியை நம்பியது. ஊகாரத்துக்கு இரட்டை 'ஓ', ஈகாரத்துக்கு இரட்டை 'ஈ', அகரத்துக்குப் பலவேளை 'யூ' என எழுதினர். கடலூரின் பழைய ஆங்கில வடிவில் முதலெழுத்தை அடுத்து 'யூ' நிற்பது இதனாலேயே. வெட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் உயிரைத் தமிழ் அகரத்தில் அவர்கள் கேட்டனர். கற்பித்தலுக்குப் பெரிதும் பயன்படத்தக்க இச்சான்று பாடநூல்களில் இடம்பெறுவதில்லை என்பது வியப்புக்குரியது. பூந்தமல்லியின் ஆங்கில வடிவம் இம்முறையில் எழுந்தது. தொடக்கத்தில் இரட்டை 'ஓ', இறுதியில் இரட்டை 'ஈ'. தமிழில் அவ்விறுதி இகரம் குறிலே. ஆங்கிலம் அதை நெடிலாக்கிவிட்டது. ஐரோப்பியப் படைவீரர்களுக்கான முகாம் இருந்த ஊராதலால், இவ்வடிவம் அலுவல் ஆவணங்களில் நிலைபெற்றதில் வியப்பில்லை.

1870களில் வில்லியம் வில்சன் ஹண்டரின் பெயரால் அமைந்த எழுத்துப்பெயர்ப்பு முறையை அரசு ஏற்றது. அது செவியைக் கைவிட்டு எழுத்தைப் பற்றியது. 'ஏ' அகரத்துக்கு, மேற்குறி பெற்ற 'ஏ' ஆகாரத்துக்கு, 'யூ' உகரத்துக்கு. நடைமுறையில் மேற்குறிகள் உதிர்ந்தன, எழுத்துகள் எஞ்சின. ஆவடி, அம்பத்தூர், மாங்காடு, குமணன்சாவடி ஆகியவற்றின் ஆங்கில வடிவங்கள் குறியிழந்த இம்முறையையே ஒத்துள்ளன. ஒரே சாலையில் பூந்தமல்லியின் பலகையும் குமணன்சாவடியின் பலகையும் ஆங்கில எழுத்துக்கூட்டலின் இரு வேறு காலங்களைக் காட்டி நிற்கின்றன.

2020ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை வெளியானது. நெடிலைக் காட்ட எழுத்தை இரட்டிக்கும் முறை அதில் பரவலாகக் கையாளப்பட்டது. வேலூருக்குத் தரப்பட்ட வடிவில் ஏகாரத்துக்காக 'ஈ' இரட்டிக்கப்பட்டது. ஆங்கிலம் அறிந்த எவரும் அதனை 'வீலூர்' என்றே படிப்பர். எதிர்ப்பு எழுந்தது, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. குறிலை இரட்டித்தால் நெடில் என்பது தமிழ் இலக்கண உணர்வு. ஆங்கிலத்திலோ 'ஈ'யை இரட்டித்தால் வேறொரு ஒலி பிறக்கும். அறிஞர் குழுவொன்றின் உழைப்பும் இவ்விடத்தில் சறுக்கியிருக்குமாயின், பள்ளி மாணவரின் சறுக்கலைக் கடுமையாக எடைபோடுதல் முறையாகாது.

கடன்சொற்கள் காட்டும் மூன்று விரிசல்கள்

தமிழ் ஏற்ற ஆங்கிலச் சொற்கள், எந்த ஆங்கில உயிர் எந்தத் தமிழ் உயிரில் குடிபுகுந்தது என்பதற்கு நேரடிச் சான்றுகளாகும். அளவு பெரும்பாலும் பிழையாமல் வந்தது. பில், பீஸ், புல், பூட் போன்றவற்றில் குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் நிற்கின்றன. விரிசல் மூன்று இடங்களில் தோன்றியது.

முதலாவது, வௌவாலைக் குறிக்கும் சொல்லின் உயிர். எகரத்துக்கும் அகரத்துக்கும் இடைப்பட்ட, வாயை அகலத் திறந்து நாவை முன்னிறுத்தி ஒலிக்கும் இவ்வுயிருக்குத் தமிழில் இடமில்லை. எனவே அது இரண்டு வீடுகளில் மாறிமாறித் தங்கியது. பாங்க், பேங்க், ஸ்டாண்டு, ஸ்டேண்டு. பழைய அச்சில் ஆகாரமும் பிற்கால வழக்கில் ஏகாரமும் மிகுதி எனலாம். ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலை செய்வது 'டாங்கி'. அதே ஊரில் வீட்டு மாடியில் இருப்பது 'டேங்க்'. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு உயிர்களோடு இரண்டு பொருளுக்காகப் பிரிந்துவிட்டது. ஏகாரத்தில் புகுந்தபோது அது முன்பே அங்கிருந்த சொற்களோடு மோதியது: 'கேஸ்' என்றால் வழக்கும் ஆகும், எரிவாயுவும் ஆகும். பேச்சில் சூழல் காப்பாற்றிவிடுகின்றது. ஆங்கிலத்தில் பேசும்போது அக்காப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

இரண்டாவது, சட்டைப்பையைக் குறிக்கும் சொல்லின் உயிர். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் ஆகாரமானது: டாக்டர், ஆபீஸ், காலேஜ், லாரி. 'பாக்கெட்' சட்டைப்பையையும் பொட்டலத்தையும் ஒருசேரக் குறிப்பது இதனால்தான். பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. இலங்கைத் தமிழர் 'டொக்டர்' என்றும் 'ஹொட்டல்' என்றும் எழுதினர். அவர்களும் இதே பன்னிரண்டு உயிர்களையே உடையவர்கள். அதே ஆங்கில ஆட்சியில் வாழ்ந்தவர்கள். இதழ் குவியும் ஒகரத்தை அவர்கள் கேட்டனர். வாய் திறக்கும் ஆகாரத்தைத் தமிழ்நாட்டார் கேட்டனர். ஆங்கில ஒலி இரண்டையும் உடையது. வாய் அகலத் திறந்திருக்க, இதழ் சற்றே குவியும். இரு சாராரும் பாதியைப் பெற்றனர். செவி தானாக முடிவு செய்வதில்லை, வழக்கும் பள்ளியும் அச்சும் சேர்ந்து முடிவு செய்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடுதல் அரிது. மராத்தியும் இந்தியும் இவ்வுயிருக்கெனப் பிறைக்குறி ஒன்றை ஏற்றுக்கொண்டன. தமிழ், மெய்களுக்குக் கிரந்த எழுத்துகளை ஏற்றபோதிலும், உயிருக்குப் புதுக்குறி எதனையும் ஏற்கவில்லை.

மூன்றாவது விரிசல் அழுத்தமற்ற அசையின் நடுவுயிர். இது தனியே விரித்துரைக்கத்தக்கது.

வகுப்பறையின் நூற்றாண்டு

டேனியல் ஜோன்ஸின் ஆங்கில உச்சரிப்பு அகராதி 1917இல் வெளிவந்தது. ஜே. ஆர். ஃபர்த், ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குப் பிற்சேர்க்கையாகத் தமிழ் உச்சரிப்புச் சுருக்கம் ஒன்றை 1934இல் எழுதினார். தமிழ் கற்கும் ஆங்கிலேயருக்கு ஒலிப்பியலின் துணை இவ்வாறு கிடைத்த காலத்தில், ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவருக்குப் பரவலாகக் கிடைத்தது ஆசிரியரின் வாயும், ஆங்கிலச் சொல்லுக்கெதிரே தமிழெழுத்தில் ஒலிப்பைத் தரும் கைந்நூல்களுமே. வலங்கைமானில் பிறந்து திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராய் இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தம் ஆங்கிலப் பேச்சுக்காக 'வெள்ளி நாவினர்' எனப் புகழப்பட்டார். அவரை எடுத்துக்காட்டுவோர், அவர் விதிவிலக்கு என்பதை மறந்துவிடுகின்றனர்.

தமிழெழுத்தில் ஒலிப்பைத் தந்த கைந்நூல்களின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஆங்கில எழுத்துக்கூட்டலின் புதிர்களிலிருந்து மாணவரை அவை விடுவித்தன. ஒலிக்காத எழுத்துகளை நீக்கிக் காட்டின. குறில் நெடிலைச் சரியாகக் காட்டின. ஆயினும் 'பேட்' என்று எழுதியவுடன் வௌவாலும் தூண்டில் இரையும் ஒன்றாகின. 'காட்' என்று எழுதியவுடன் கட்டிலும் 'பிடித்தான்' என்னும் பொருள்படும் சொல்லும் ஒன்றாகின. மாணவரின் பிழை அவரது வாயில் தோன்றுமுன் தாளில் தோன்றிவிட்டது.

விடுதலைக்குப் பின் 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னை மாநிலத்தில் அதனையொட்டிய ஆண்டுகளில் நடந்த பெரிய முயற்சி, தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான மறுபயிற்சி இயக்கம். அதனை விவரித்து டி. ஏ. ஸ்மித் 1962இல் எழுதிய கட்டுரை, பயிற்சி பெறவேண்டிய ஆசிரியர் தொகையை 27,000 என்கின்றது. சிலர் பயின்று பலருக்குப் பயிற்றும் முறையாதலால் 'சென்னைப் பனிப்பந்து' எனப் பெயர் பெற்றது. பனியே காணாத ஊருக்கு அப்பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை. வாக்கிய அமைப்புகளை வாய்மொழிப் பயிற்சியால் பதியச் செய்வது அதன் நோக்கம். அமைப்பு வாய்வழி பரவும். உயிரொலியும் வாய்வழியே பரவும், ஆனால் கைமாறும் ஒவ்வொரு படியிலும் கற்பவரின் மொழிக்கு ஏற்ப நகர்ந்துகொண்டே. ஒலிப்பதிவுக் கருவி அரிதாயிருந்த காலத்தில் இதனைத் தவிர்க்க வழியுமில்லை.

இதன்பின் ஆய்வின் போக்கு மாறியது. ஆர். கே. பன்சல் இந்திய ஆங்கிலத்தின் புரியுந்தன்மையை அளந்து 1969இல் நூலாக வெளியிட்டார். புரியாமைக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லழுத்தம் பிறழ்தலை அவ்வாய்வு சுட்டியது. 1972இல் ஐதராபாத் நிறுவனம் பொது இந்திய ஆங்கிலம் என்னும் வகையை வரையறுத்தது: பதினொரு தனியுயிர், ஆறு கூட்டுயிர், ஆகப் பதினேழு. கூட்டுயிராக ஒலிக்கவேண்டிய இடங்களில் ஏகார ஓகாரங்களை ஒலிப்பது இதன்படி பிழையாகாது. அவ்விடங்களில் தனியுயிரே ஒலித்த காலம் இங்கிலாந்திலும் இருந்தது. ஸ்காட்லாந்தில் இன்றும் உண்டு. கொச்சைத் தமிழின் ஒலிப்பியலை ஆராய்ந்த டி. பாலசுப்பிரமணியன், இந்திய மாணவர்க்கான ஆங்கில ஒலிப்பியல் பாடநூலை 1981இல் எழுதினார். தமிழ்நாட்டின் ஆங்கில இலக்கிய மாணவர் தலைமுறைகள் அதன்வழியே பன்னாட்டு ஒலிக்குறிகளை அறிந்தனர். ஆயின் அக்குறிகள் கல்லூரியில் வந்தன. பிழை ஐந்தாம் வகுப்பிலேயே வேரூன்றிவிட்டது.

குற்றியலுகரமும் நடுவுயிரும்

ஆங்கிலத்தில் வாழைப்பழத்தைக் குறிக்கும் சொல்லிலும் 'ஏ' மூன்று முறை வருகின்றது. குமணன்சாவடியைப் போலவே அதிலும் ஒன்றுதான் ஆகாரம். எஞ்சிய இரண்டும் அகரமாதல் இல்லை. அழுத்தமிழந்து, நா நடுவில் ஓய்ந்திருக்க, அரைகுறையாய் ஒலிக்கும் நடுவுயிர்கள். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் உயிரொலி இதுவே. எழுத்தில் இதற்கெனத் தனி வடிவமில்லை. ஐந்து உயிரெழுத்துகளும் இதற்கு முகமூடியாகும். தமிழெழுத்தில் பெயர்க்கும்போது அகரமோ எகரமோ இட்டாக வேண்டும். இட்டவுடன் அது முழு மாத்திரை பெற்றுவிடுகின்றது. எல்லா அசையும் முழுமையாய் ஒலிக்க, அழுத்தம் எங்கே என்பது மறைந்துபோகின்றது. பன்சல் சுட்டிய புரியாமையின் ஒரு வேர் இங்கே உள்ளது எனக் கருதலாம்.

தமிழிலக்கணத்துக்குக் குறைந்தொலிக்கும் உயிர் புதிதன்று. குற்றியலுகரம் அரை மாத்திரை உடையது. மாங்காடு என்னும் பெயரின் இறுதியில் இதழ் குவியாமல் ஒலிப்பது. எழுத்தில் உகரமாகவே நின்று, ஒலியில் மட்டும் குறைவது. சொல்லில் அது நிற்கும் இடமே அதன் குறுக்கத்தைத் தீர்மானிக்கின்றது. ஐகாரக் குறுக்கமும் அத்தகையதே. எழுத்து மாறாமல், இடத்தைப் பொறுத்து உயிர் தளரும் என்னும் கருத்தைத் தொல்காப்பியமும் நன்னூலும் விதியாகவே வகுத்துள்ளன. ஆங்கில நடுவுயிரைக் கற்பிக்க இதனினும் அணுக்கமான வாயில் இல்லை. தமிழ் வகுப்பில் குற்றியலுகரம் கற்கும் அதே மாணவர் அடுத்த பாடவேளையில் ஆங்கிலம் கற்கிறார். இரண்டு ஆசிரியரும் ஒருவரையொருவர் கேட்பதில்லை.

பேச்சுத் தமிழ் இன்னும் மிகுதியாகத் தருகின்றது. 'அவன்' என்பதன் இறுதி அகரம் பேச்சில் முன்னோக்கி நகர்ந்து மூக்கொலி பெறுகின்றது; வௌவால் சொல்லின் உயிருக்கு அண்டை ஒலி அது. 'வீடு' என்பதில் டகரத்துக்கு முன் ஈகாரம் பின்வாங்குகின்றது. சொல் முதல் எகரம் 'யெ' எனவும் ஒகரம் 'வொ' எனவும் ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் எட்டைக் குறிக்கும் சொல்லின் முன் யகரமும், 'மட்டும்' என்னும் பொருள்படும் சொல்லின் முன் வகரமும் ஒட்டிக்கொள்வது இதனால்தான். கற்பவரின் வாய் பல உயிரொலிகளை நாள்தோறும் ஒலிக்கின்றது. அவை தமிழில் பொருளை வேறுபடுத்துவதில்லை, எழுத்தில் காட்டப்படுவதுமில்லை, ஆகவே தாம் அவற்றை ஒலிப்பதையே அவர் உணர்வதில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவரிடம் 'அவன்' என்பதை இயல்பாகச் சொல்லச் செய்து, அவ்விறுதி உயிரைத் தனியே நீட்டி, மூக்கொலியை நீக்கச் செய்தால், 'பேட்' என்றும் 'பாட்' என்றும் எழுதவியலாத ஒலிக்கு அருகில் அவர் வந்துவிடுகிறார். அதற்குப் பன்னாட்டுக் குறியோ ஒலிக்கூடமோ வேண்டியதில்லை.